அம்மா ஏறிய மதில்

தண்டையார்பேட்டையில் நெடுநாள் பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்ததும் முகத்தில் அறைந்த வௌவால் நாற்றம், ஆந்திர எல்லையோரச் சிற்றூரில் என் சிறுவயதில் நின்றிருந்த, இப்போது தரைமட்டமாகிவிட்ட பழைய கோட்டைக்கு என்னைக் கொண்டுபோனது.

காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்து தேறிய அம்மாவை, கொஞ்சம் காற்று மாறட்டும் என்று அப்பா அங்கே கூட்டிப்போனார். உப்புப் பூத்த செங்கற்கள் கைபட்டாலே உதிர்ந்தன; வௌவால் நாறிய இருண்ட அறைகளுக்குள் புறாக்கள் முனகிக்கொண்டே இருந்தன.

"மேல ஏறாத மேரி, மூச்சு வாங்கப்போவுது" என்றார் அப்பா.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடிந்த படிகளில் நின்று நின்று, ஒருமுறைகூட இருமாமல் மதில் உச்சிக்குப் போய்விட்டாள். நோய்க்கு முன் எண்ணூர் மீன் ஏலத்தில் அவள் கூவும்போது கேட்ட அந்தப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"யோவ், கடலு தெரியுது! இன்னா கீயவே நின்னுகினு கீற? ஏறி வாய்யா!"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். இருவரும் ஓடி ஏறினோம்.