பஸ்ஸுல கேட்ட என் தாளம்

இன்னைக்கு இலுப்பூர்ல இருந்து புதுக்கோட்டை வர்ற பஸ்ஸுல டிரைவர் ஒரு புது திருவிழாப் பாட்டைப் போட்டாரு.

பாடுனது என் கூட்டாளி செந்தில். சந்தோஷமாத்தான் கேட்டேன். தாளம் ஆரம்பிச்சதும் திக்குன்னு ஆயிருச்சு. அது நான் போட்டது.

என்கிட்ட ஒரு பழைய ரிதம் பாக்ஸ் இருக்கு, தாளம் அடிக்கிற மிஷின். கம்ப்யூட்டர் மாதிரி ஆயிரம் சத்தமெல்லாம் கெடையாது. இருக்குற கொஞ்சத்தை வச்சு ஒவ்வொரு அடியையும் நாமளே பட்டன் அமுக்கி ஏத்தணும். அதுலதான் எனக்குக் கிறுக்கு. இந்தத் தாளத்துல ஒரு கைதட்டு தப்பிப்போய் பிந்தி விழுந்துச்சு. அழகா இருக்கேன்னு விட்டுட்டேன். பஸ்ஸுலயும் அதே எடத்துல பிந்தி விழுகுது.

போன மாசம் வீட்டுக்கு வந்த செந்தில், "சும்மா கேக்கத்தான் மாப்ள"ன்னு இதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டுப் போனான்.

பஸ்ஸுல இருந்தே ஒடனே அவனைக் கூப்பிட்டேன். "என் தாளத்தைப் போட்டிருக்கியே, ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"மிஷின் அடிச்ச தாளம் மாப்ள. அது எப்படி ஒனக்குச் சொந்தமாகும்?"

பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கம். போனை வச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் அந்தத் தாளத்துக்குத் தொடையில தட்டிக்கிட்டே வந்தாரு.

அவன் கணக்குப்படி பாத்தா, அவன் பாடுன பாட்டு மைக்குக்குத்தானே சொந்தம்? நீங்களே சொல்லுங்க.