எழுத்துக்குப் பூ வைத்தவர்

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நான் யாரோடும் பேசமாட்டேன். கிடைக்காவிட்டாலும் பேச்சு குறைவுதான். ஓடுகிற சுவர்களையும் லாரிகளின் முதுகையும் வாசித்துக்கொண்டே போவேன். ஒரு சுவரில் சிமென்ட், அடுத்ததில் கண்ணீர் அஞ்சலி, அதற்கடுத்து யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. சேர்த்து வாசித்தால் பாட்டுப்போல வரும். இந்தப் பழக்கம் அத்தையால் வந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமத்தூரில் பேருந்து ஏறி சிவகாசி சந்தைக்குப் போவாள். துணைக்கு நான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்ட வந்திருந்தது. அந்தத் திமிரும் இருந்தது.

திருத்தங்கலை நெருங்கும்போது ஒரு பட்டாசுக் கம்பெனியின் நீண்ட மதில் வரும். வெள்ளைச் சுவரில் ஆளுயரச் சிவப்பு எழுத்து. அத்தை என் தொடையைக் கிள்ளுவாள்.

“ஏலே, என்ன எழுதியிருக்கு?”

“இங்கே புகை பிடிக்காதீர்கள்.”

“இன்னொருக்கா வாசி.”

வாசிப்பேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வாள். ஒருநாள் கண்டக்டரே கேட்டுவிட்டார். “ஏ தாயி, பீடி குடிக்கிறவனுக்கே அம்புட்டு அக்கறை இல்ல. ஒனக்கென்ன?” பேருந்தே சிரித்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த எழுத்தை எழுதியவர் அத்தையின் ஆபீஸ் சுவருக்கும் எழுத வந்தவர். மெலிந்த ஆள். ஒரு ஞாயிறு அவர் அதே மதிலருகே ஏணியில் நின்றிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் அத்தை என்னை இறக்கிவிட்டாள். “வர்ற வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வைக்க வாராகன்னு அவுககிட்டச் சொல்லிட்டு ஓடி வா.”

தாயில்பட்டியில் ஒரு மாப்பிள்ளையை அப்பா பேசி முடித்திருந்தார். அவர்கள் வந்து அத்தையின் தலையில் பூ வைத்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. சொன்னேன். அவர் ஏணியை விட்டு இறங்காமலே பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை, எதையோ வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லி அத்தை மறுபடி என்னைக் கூட்டிப்போனாள். மதில் வந்தது. இந்தமுறை அவள் கிள்ளவில்லை. நானாகவே வாசித்தேன்.

“அதேதான் அத்தை.”

“இல்லலே. நல்லாப் பாரு.”

பார்த்தேன். எழுத்துகளின் தலையில் புள்ளிகள் இல்லை. ங், க், ர், ள் எல்லாவற்றின் மேலும் ஒவ்வொரு கனகாம்பரம். இதழ் இதழாக, ஆரஞ்சு நிறத்தில், இப்போதுதான் பறித்தது போல. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் தலையில் குட்டு விழும். சொல்ல வாயெடுத்தேன்; அத்தை அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் சொன்னாள். “தாயில்பட்டிக்காரகள வர வேண்டாம்னு சொல்லிருண்ணே. எனக்குப் பூ வச்சாச்சு.”

“எவன் வச்சான்? எப்ப வச்சான்?” அப்பா கத்தியதில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுபோனது.

அத்தைக்கு உதவ நினைத்து நான் சொன்னேன். “சொவத்துலப்பா. புள்ளி வைக்க வேண்டிய எடத்துல பூராம் பூ வச்சிருக்கு. தப்பு தப்பா.”

அப்பா என்னையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவர் மட்டும் திருத்தங்கல் பேருந்து ஏறினார். பொழுது சாயத் திரும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நமக்கு ஒறமொறைதான். பய எழுத்தும் நேராத்தான் இருக்கு.”

அத்தை அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். எனக்குத்தான் குழப்பம். அப்பா கைநாட்டு. அவருக்கு எழுத்து நேராக இருப்பது எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.