ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டிய வீடு

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு சாராள் ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஒதுக்கி வைத்திருந்தாள். மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் ஈரத்துணியை எடுத்து சன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைப்பாள். மேற்கே கூப்பிடு தூரத்தில் நிற்கும் இரும்பு உருக்காலைக்கு அன்றைக்கு மட்டும் லீவு. புகைபோக்கி சும்மா நிற்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருக்கும். வார நாட்களில் தூசி வராமல் இருக்க சன்னல் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் டேப்பை சனிக்கிழமையே பிரித்து, பசை தெரியாமல் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்துவிடுவாள்.

பதினோரு மணிக்கு ஆட்கள் வருவார்கள். அதற்கு முன்னால் தம்பி அந்தோணியைக் கிளப்பி கோயில் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவாள். அவன் இருமல் யார் காதிலும் விழக்கூடாது.

அந்தோணி அந்த உருக்காலையில் உலை வாசலில் பத்தொன்பது வருடம் நின்றவன். இப்போது வாசலில் இருந்து தெருமுனைக்குப் போக இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மூக்கில் ஆக்சிஜன் மெஷினின் குழாய். "இந்தக் காத்துல இவரு இருக்கக் கூடாது. மழைக்கு முன்னாடி வேற ஊருக்குப் போயிடுங்க. இன்னொரு தடவ சளி கட்டிச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொன்னதை சாராள் காலண்டர் தாளின் பின்பக்கம் அப்படியே எழுதி வைத்திருந்தாள். எட்டாவதுதான் படித்தவள். ஆனால் எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டாள்.

வாடகைக்குப் போய்விடலாம் என்று ஊத்துக்கோட்டையில் இரண்டு வீடு பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் அந்தோணி இருமியதைக் கேட்டதும் டி.பி.யா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியும் சாவியைத் தரவில்லை. கடைசியில் ஜோதிலட்சுமி என்கிற அம்மாள், வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக இருந்த தன் சின்ன வீட்டை விலைக்கே தருவதாகச் சொன்னாள். ஐப்பசி பிறக்கும் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அதற்குள் இந்தக் கும்மிடிப்பூண்டி வீட்டை விற்றாக வேண்டும்.

அம்மா இறந்தபோது அந்தோணிக்கு ஒன்பது வயது, சாராளுக்குப் பதினாறு. நட்டு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். எண்ணிப் போட்ட பெட்டியில் ஒரு போல்ட் குறைந்தது என்று இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி தலையெடுக்கட்டும் என்றாள். அவன் தலையெடுத்தான். அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. இருவர் சம்பளத்திலும் எழும்பிய வீடு அது. பூச்சு காயாமல் இருபத்தோரு நாள் தானே தண்ணீர் ஊற்றினாள். பதினாறு வருடத்தில் எத்தனையோ புயல் மழை வந்து போனது. கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்படிப்பட்ட வீட்டை எட்டு மாதமாகப் பதினோரு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயின. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

புரோக்கர் லோகுவிடம் காரணம் தயாராக இருந்தது.

"ஈசானி மூலையில கக்கூஸக் கட்டி வெச்சிக்கினு வரலை வரலைன்னா எவன்க்கா வருவான்?"

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு இன்னா தெரியும் ஈசானி மூலை? தெருத்தண்ணி அந்தப் பக்கமா ஓடுது, அங்க கட்டினோம்."

"நீ வேதக்காரி. வாங்கறவனும் அப்படியே இருப்பானா? மேல நிக்குதே அந்தச் சிலுவை, அதையும் எடுத்துடு."

"கக்கூஸ மாத்தறேன். சிலுவைய வாங்கறவங்க எடுத்துக்கட்டும். என் கையால எடுக்கமாட்டேன்."

கக்கூஸை இடம் மாற்றப் பன்னிரண்டு நாள் வேலை. சிமெண்டுத் தூசியில் அந்தோணி மூன்று நாள் படுத்துவிட்டான். அதற்குப் பிறகும் மூன்று குடும்பங்கள் வந்தன, நன்றாக இருக்கிறது என்றன, போயின.

உண்மை தெரிந்தது ரேஷன் கடை வரிசையில். முன்னால் நின்ற செல்வி இரண்டு மாதத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தவள். சாராள் நேராகவே கேட்டாள்.

"ஏம்மா, ஊடு புடிக்கலியா?"

செல்வி கொஞ்சம் தயங்கினாள். "ஊடு ரொம்பப் புடிச்சிருந்துச்சுக்கா. எங்க ஊட்டுக்காரரு புதன்கிழமை வேலைக்குப் போறப்போ வண்டிய நிறுத்திப் பார்த்தாரு. சன்னல் பூராவும் டேப்பு. கொடியில துணி கறுத்துக் கெடக்குது. உள்ள யாரோ இருமற சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சாம். ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்டியா இருக்கறதா சொன்னீங்க."

சாராள் பையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"இந்தப் பக்கம் பொக இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதாக்கா? அவரும் கம்பெனிதான். இதையே மறைச்சவங்க பத்திரத்துல இன்னாத்த மறைச்சாங்களோன்னு பயந்துட்டாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சாராளுக்கு முகம் எரிந்தது. வந்த குடும்பங்கள் எல்லாமே ஏதோ ஒரு வார நாளில் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும். ஒரு போல்ட் குறையாமல் எண்ணியவளை ஊரே கள்ளி என்று நினைத்திருக்கிறது. அதைவிட, தம்பியை ஒளித்து வைத்தது இப்போதுதான் உறைத்தது. அவனிடம் சொன்னாள்.

அந்தோணி சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. "நல்லதாப் போச்சுக்கா. இன்னும் நாலு வாரம் வராந்தாவுல உக்காந்திருந்தா ஃபாதர் என்னைய உபதேசியாரா வெச்சிருப்பாரு."

அன்றைக்கே லோகுவுக்குப் போன் செய்தாள். "இனிமே புதன்கிழமை, மூணு மணிக்கு ஆளுங்கள இட்டுக்கினு வா. ஷிப்டு மாறுற நேரம்."

"பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிடுச்சாக்கா? பொக மண்டிக்கினு இருக்கும்."

"இருக்கட்டும். புள்ள குட்டியோட குடியிருக்க வர்றவங்கள இட்டாராத. நூறு பேரு நடந்து போற தெரு இது. கடைக்கு எடம் தேடறவங்களப் பாரு."

மூன்றாவது புதன்கிழமை ஹயாத் பாஷா வந்தார். பழவேற்காட்டுக்காரர். கம்பெனி ஆட்கள் போடும் பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் வியாபாரம். சாராள் சன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தாள். அந்தோணி முன்னறையில் குழாயோடு உட்கார்ந்திருந்தான். மாடிக்குக் கூட்டிப்போய்த் தரையில் விரலை இழுத்து, கறுப்பான விரலை அவரிடம் காட்டினாள்.

"காலையில பெருக்கினது. தினம் இவ்ளோ வரும்."

"வியாபாரத்துல இருவது வருசம் ஆவுது. இப்படிச் சரக்கு காட்டறவங்கள நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் அவர்.

கீழே வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். புதுக் கக்கூஸைத் திறந்ததும் முகம் சுளித்தார். "மேற்க பார்த்து வெச்சிருக்கீங்களே. எங்காளுங்க தொழுவுற கிப்லா பக்கம் திரும்பி உக்கார மாட்டாங்க." லோகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"திருப்பி வெச்சித் தர்றேன்" என்றாள் சாராள்.

"சரி. முன்னாடி கடை. பின்னறையில தங்கச்சி மகன் சர்ஃபராஸ் தங்கிக்குவான், சரக்குக்குக் காவலா. இருவத்திரெண்டு வயசு, இன்னும் கல்யாணம் ஆவல. அவனுக்குப் போதும்."

லோகு அவள் பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினான். தலையை ஆட்டினால் போதும், வீடு போய்விடும். ஐப்பசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. உருக்காலையில் சேர்ந்தபோது அந்தோணிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

"பின்னறையில யாரும் படுக்கக் கூடாதுங்க" என்றாள். "சன்னல் மேற்க பார்த்தது. பொக நேரா உள்ள வரும். பதினாறு வருசம் அங்கதான் என் தம்பி படுத்தான். உலையில பாதி போச்சு, மீதி அந்த ரூம்ல போச்சு."

ஹயாத் பாஷா முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யோசித்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"கைக்கு வந்தத உதறிட்டியேக்கா" என்றான் லோகு. அவள் சன்னல்களைச் சாத்தப் போனாள்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனிக்கிழமை இரவு மழை தூறியது, அந்தோணிக்குச் சளி பிடித்தது. ஞாயிறு பூசைக்கும் திங்கள் வேலைக்கும் போகாமல் அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது சரி என்று அந்த இரண்டு நாளில் அவளுக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத பையனுக்காகத் தன் பையனைக் கொன்றுவிடுவேனோ என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அந்தோணிக்குச் சளி கொஞ்சம் இளகியது. அன்றைக்கு ஹயாத் பாஷாவே கூப்பிட்டார். கடை மட்டும் வைப்பதாகவும், எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாரும் பழவேற்காட்டுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். ஆள் தங்க முடியாத வீடு என்பதால் விலையைக் குறைத்தார். ஜோதிலட்சுமியின் வீட்டுக்கு அது போதும். அதற்கு மேல் மிஞ்சாது. வேலையை விட்டுவிட்டு தம்பியோடு இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். அது இனி நடக்காது. விடியும் முன்பே ஊத்துக்கோட்டையில் பஸ் ஏற வேண்டும், பகல் முழுக்க அவன் தனியாக இருப்பான். அவசரத்துக்குக் கூப்பிட அக்கம்பக்கத்தில் யார் வீட்டு நம்பரை அவனிடம் கொடுத்து வைப்பது என்று யோசித்தாள். அந்த ஊரில் அவளுக்கு ஜோதிலட்சுமியைத் தவிர யாரையும் தெரியாது. சரி என்றாள்.

லோகு அக்ரிமென்ட் எழுதிக்கொண்டு வந்தான். சாராள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். அளவு, எல்லை, சர்வே எண் எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"பின்னறையில யாரும் படுக்கமாட்டாங்கன்னு இதுல எழுதலியே."

ஹயாத் பாஷா சிரித்தார். "பத்திரத்துல அதெல்லாம் எழுதமாட்டாங்கம்மா. ஊடு எங்களுதாயிடுதே."

"அப்ப வாயால சொல்லுங்க."

"அதான் போன்லயே சொன்னேனே."

"எங்க தம்பி முன்னாடி சொல்லுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்தோணியைப் பார்த்து, "சர்ஃபராஸ அங்க படுக்க வைக்கமாட்டேன், தம்பி" என்றார். அந்தோணி தலையை அசைத்தான். அடுத்த வருடம் இவர் இதை நினைவில் வைத்திருப்பாரா என்று சாராளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.