நெட்டக்கா வீட்டு நெட்டு

ஊரில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயதில் மூத்தவர்களுக்கும் அவள் நெட்டக்காதான். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஆண்டெனாவை நிறுத்தி, சுற்றியிருக்கும் நாலைந்து ஊர்களுக்கு இணையம் கொடுக்கிறாள். அவள் ஏணியில் ஏறுவதை ஆரம்பத்தில் வாய் பிளந்து பார்த்தவர்கள், இப்போது சின்னத் தூறலுக்கே போன் போட்டு ஏறச் சொல்கிறார்கள்.

பொழுது சாய்ந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளும் புருஷன்மார்களும் வரிசைகட்டி வீடியோவில் வந்துவிடுவார்கள். லைன் திணறும். ஊராருக்குப் போக மிச்சமிருந்தால் தனக்கு என்று, தன் வீட்டு இணைப்பைக் கடைசியில் வைத்திருந்தாள். காசு வாங்குகிறவளுக்கு அதுதான் நியாயம் என்பது அவள் கட்சி. மாமியார் அந்தக் கட்சியில் இல்லை.

"ஊருக்கெல்லாம் நெட்டு, நமக்கு மட்டும் சுத்துற வட்டம்" என்பார். மகன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, அவருக்கும் இருக்காதா?

அந்த மகன், நெட்டக்காவின் புருஷன், சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். துறைமுகம் வந்தால்தான் பேச்சு. போன பயணத்தில் நடுக்கடலில் காய்ச்சலில் விழுந்து கிடந்தான் என்று கூட வேலை செய்பவன் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று குரலை மட்டும் அனுப்பினான். கால் ஒடிந்து கிடந்தாலும் அப்படித்தான் சொல்வான், அந்த மனிதன். முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், உண்மை அவளுக்குத் தெரிந்துவிடும். சாப்பிடும்போதும் அந்த முகம்தான் வேண்டியிருந்தது அவளுக்கு.

இன்று கப்பல் கரையில் நிற்கிறது, சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று தகவல் வந்தது. மத்தியானமே தொட்டி மேல் ஏறி, தளர்ந்திருந்த போல்ட்டை முறுக்கினாள். இறங்கிவந்து, தொழில் தொடங்கியதிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் வீட்டு இணைப்பை எல்லோருக்கும் முன்னால் வைத்தாள். ஒரு நாள் ஊர் திட்டட்டும்.

போன் அடித்தது. பாதி நெற்றி வந்தது, அப்படியே உறைந்து நின்றது.

"தெரியுதா?" குரல் கணீரென்று இருந்தது.

"நெத்தி மட்டும் தெரியுதுங்க. அதுவும் அசையல."

"இங்க சிக்னலே இப்படித்தான். பரவால்ல, பேசும்மா. கப்பல் கிளம்பப் போவுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். நெட்டுப் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. இந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கரையில் இருக்கிற கோபுரத்தில் அவள் எப்படி ஏறுவாள்? தவித்துப் போனாள். அந்தத் தவிப்பில், நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சொல்வது தானாக வாயில் வந்துவிட்டது.

"போனை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க, சரியாயிடும்."

"சரிம்மா" என்றான் அவன். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன். நெற்றி போயிற்று, குரலும் போயிற்று.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த குரலையும் தானே விரட்டிவிட்டாள். மாமியார் தலையை வாரிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துட்டானா?"

"வந்துடுவாரு அத்தை."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். கப்பல் கிளம்பியிருக்கும் என்று இருவருக்குமே தெரிந்தது.

போன் அடித்தது. இருவரும் ஒன்றாகக் கை நீட்டினார்கள். தையல்காரர்.

"நெட்டக்கா, என் மவ முகம் அப்படியே நிக்குதும்மா. வழக்கம்போல ஆஃப் பண்ணிப் போட்டுடவா?"

தன் வீட்டை மறுபடி கடைசிக்கு மாற்றினாள்.

"வேணாம்ண்ணே, ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. குரல் வருதுல்ல? பேசிக்கிட்டே இருங்க."