தாராவித் தகரக் கதவில் எங்கள் பள்ளியின் வானிலை

எங்களுடையது சின்ன அரசு உயர்நிலைப்பள்ளி. திருநெல்வேலிக்குத் தெற்கே, ஒரு நாளைக்கு நான்கே முறை பேருந்து வரும் ஊர். பத்தாம் வகுப்பில் மொத்தமே பதினேழு பேர். இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து பதினாறு பேர்தான் வந்தார்கள். வராதவள் இசக்கியம்மாள். மும்பையில் இட்லி வியாபாரம் செய்யும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அம்மாவுக்குக் கையில் சூடு பட்டுவிட்டது என்பதற்கு மேல் ஊரில் இருக்கும் அவள் அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. அவள் அப்பா என் ஃபோனை எடுக்கவேயில்லை. பொதுத்தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது அவளுடைய ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். இதே வேலையாக மும்பை போகவேண்டிய ஆசிரியர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பெரிய வசதி எதுவும் கிடையாது. கோ-கோ அணி உண்டு, காய்கறித் தோட்டம் உண்டு, பத்தாம் வகுப்புக்குச் சுண்டலோடு மாலை வகுப்பு உண்டு. நான் அறிவியல் ஆசிரியை என்பதால் வானிலைப் பலகையும் உண்டு. தினமும் காலை எட்டரைக்கு வெப்பமானியையும் மழைமானியையும் பார்த்து, வாசல் கரும்பலகையில் எழுதி, கீழே பதிவு செய்தவர் பெயரைப் போட வேண்டும். இரண்டு வருடமாக அது இசக்கியின் வேலை. அவள் போனபிறகு மற்றவர்கள் எழுதுகிறார்கள் என்று பெயர்; என்றைக்கோ பெய்த மழை மூன்று நாள் பலகையிலேயே கிடக்கும். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வரும். அடுத்தபடியாகக் கோபம் வரும்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் திருநெல்வேலியில் ஏறினேன். ஸ்லீப்பர் 790 ரூபாய். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மும்பை தாதர் ஸ்டேஷன். முப்பத்தெட்டரை மணி நேரம் உட்கார்ந்தும் படுத்தும் வந்த முதுகுக்குப் பக்கத்து மாட்டுங்காவில் ஒரு விடுதி அறையும், பக்கத்துக் கடையில் இருபத்தைந்து ரூபாய் ஃபில்டர் காபியும் தேவைப்பட்டன. ஏழேகாலுக்கு டாக்ஸி பிடித்தேன். "தாராவி? கிதர்? நைன்டி ஃபீட்?" என்றார் ஓட்டுநர். தாராவியில் எங்கே, தொண்ணூறு அடிச் சாலையா என்று கேட்டிருக்கிறார். என் இந்திக்கு அந்த ஒரு கேள்வியே அதிகம். தலையை மட்டும் ஆட்டினேன். நாற்பத்தைந்து ரூபாயில் இறக்கிவிட்டார்.

பள்ளிப் பதிவேட்டில் இருந்த முகவரி 'தாராவி, மும்பை 17'. அதை வைத்து ஒரு வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தாளைப் பார்க்கவே இல்லை. "எந்த ஊருக்காரவன்னு சொல்லுங்க" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "இட்லி மாடசாமியா? மூணாவது சந்து, பச்சைக் கதவு" என்றார்.

பச்சைத் தகரக் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதியிருந்தது: வெப்பம் 24. மழை இல்லை. பதிவு: மா. இசக்கியம்மாள், பத்தாம் வகுப்பு.

இத்தனை நாளும் அவளைத் திட்டுவதற்கு வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"வெப்பமானி ஏது?" என்றுதான் கேட்டேன்.

"அம்மா ஃபோன்ல பாத்து எழுதுதேன், டீச்சர்."

"இதை யாரு படிக்கா?"

"யாரும் படிக்க மாட்டாவ. இங்கன உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. சும்மா எழுதி வைப்பேன்."

அவள் அம்மா வலது கையைக் காட்டினார். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி அடித்து முழங்கை வரை வெந்திருந்தது. தோல் புதிதாகக் கட்டியிருந்தாலும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. மகளைப் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்றேன். "நான் என்னத்தச் சொல்ல? இவ அப்பா செம்பூர்ல இட்லி வித்துக்கிட்டு நிப்பாக. அவுககிட்ட கேளுங்க" என்றார்.

இசக்கியே வழி காட்டினாள். இருபத்தைந்து நிமிடம் நடந்து ஹார்பர் லைன் மின்சார ரயில் ஸ்டேஷன். செம்பூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். வண்டியில் வகுப்பில் ஒவ்வொருவரைப் பற்றியும் பெயர் சொல்லி விசாரித்தாள், மாலை வகுப்புச் சுண்டல் உட்பட. கத்தரிச் செடி காய்த்துவிட்டதா என்றும் கேட்டாள். காய்த்து, பறித்து, சாம்பாரில் போட்டாயிற்று என்றேன். அதன் பிறகு செம்பூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குடியிருப்பு ஒன்றின் வாசலில், சைக்கிள் கேரியரில் இட்லிப் பாத்திரத்தோடு ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டிருந்தார் மாடசாமி. மகளோடு என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், நீங்களா? இம்புட்டுத் தூரமா?"

"ஃபோன எடுத்திருந்தா வந்திருக்க மாட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் வராத பிள்ளைக்குப் பேர வெட்டியிருப்பியன்னு நெனச்சேன். அதைப் போயி ஃபோன்ல எப்படிக் கேக்க?"

ஹால் டிக்கெட்டை நீட்டினேன். கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினார். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். இட்லி வாங்க வந்த இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர்களை அவர் கவனிக்கவே இல்லை. கடைசியில், "இவ அம்மைக்குக் கை வழங்கல. மாவாட்ட ஆளில்லையே, டீச்சர்" என்றார். இத்தனை தூரம் வந்தும், அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

இசக்கிதான் பேசினாள். "அஞ்சே பரீட்சைப்பா. எழுதிட்டு வந்துருதேன்."

மாடசாமி ஹால் டிக்கெட்டை மகள் கையில் கொடுத்து, "அதுவரைக்கும் பக்கத்து வீட்டுல சொல்லி மாவு ஆட்டிக்கிடுதோம். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த ஐந்தும் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் வந்தாள், எழுதினாள். கடைசித் தேர்வுக்கு மறுநாள் காலை எட்டரைக்கு, பையும் கையுமாகப் பள்ளிக்கு வந்து வானிலைப் பலகையை எழுதினாள். கையைத் தட்டிக்கொண்டே, "பதினொன்னாங் கிளாஸ் பள்ளிக்கூடத்துல இந்த மாதிரி போர்டு இருக்குமா, டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். எனக்குத் தெரியாது. மும்பை ரயிலுக்கு அவள் போகவேண்டிய பேருந்து வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முகவரியை நம்பாதீர்கள், ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுங்கள், பிந்தினால் அப்பா வியாபாரத்துக்குக் கிளம்பியிருப்பார். பெயர் வெட்டவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே எடுங்கள். நானும் எடுத்துவிட்டேன், ஜூன் முதல் வாரத்துக்கு. போக ஒன்று, வர இரண்டு.