பன்னிரண்டு பேராசிரியர்களும் ஒரு தட்டு ரோல்ஸும்

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் நிரஞ்சலாவைப் போலக் கறாரான ஆள் கிடையாது. தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான், அதுவும் தலை தட்டிப் போட வேண்டும். வன்னியில் பிறந்தவள், புறநகரான பொபினியில் குடியிருக்கிறாள். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கதிரை அடுக்கி, கோப்பி ஊற்றி, தாள் பிரதி எடுத்துக்கொண்டே, அவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தையும் படித்து முடித்துவிட்டாள். பாடத்தின் பெயர் தரப்படுத்தல்.

பெயரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் கூடுதல் புள்ளி கேட்டுப் பல்கலைக்கழக வாசலில் மறித்த சட்டத்தின் பெயர் அல்லவா!

"அது வேற, இது வேற வாமதேவன் அண்ணை," என்றாள். "ஒரு சார்ஜர் எல்லாப் போனுக்கும் பொருந்த வேணும். சக்கர நாற்காலி எல்லா லிப்டுக்குள்ளயும் போக வேணும். அந்த அளவைப் பெரிய கொம்பனி மட்டும் முடிவெடுக்கேலாது. செய்யிறவர், வாங்கிறவர், சின்ன ஆக்கள், எல்லாரும் ஒரு மேசையில இருந்து, ஒருத்தரையும் அமத்தாமல் ஒத்துக்கொள்ள வேணும். ஐரோப்பிய நாடுகள் தங்கடை பொது விழுமியம் எண்டு சொல்லுறதும் இதைத்தான். பேராசிரியர்மார் அதை மாணவருக்கு எப்பிடிப் படிப்பிக்கலாம் எண்டு நான் காட்டப்போறன்."

அவளுடைய மேலதிகாரி செசில் ஒரேயொரு காலைப்பொழுதை அவளுக்கு ஒதுக்கியிருந்தார். பன்னிரண்டு பேராசிரியர்கள் வருவார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு தரநிலைத் தாள் மேசையில் இருந்தால் நிரஞ்சலா பயிற்றுநர். இல்லாவிட்டால் பழையபடி கோப்பிக் கேத்திலைத் தூக்க வேண்டியதுதான்.

தரநிலை எழுத அவள் தேர்ந்தெடுத்த பொருள், மரக்கறியோ இறைச்சியோ வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் எங்கள் கடை ரோல்ஸ். செய்பவரின் இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள். நான் கல்யாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த நிறுவனம் இருக்கும் ஒபர்வில்லியேக்குப் போனேன். என் மனைவி ரஜனி தட்டுகளோடு பின்னால் வந்தாள்.

பேராசிரியர்கள் தின்றார்கள், அளந்தார்கள், வாதாடினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றே போதுமானதாகப் பதினெட்டு சென்ரிமீற்றர் நீளம் வேண்டும் என்றார் ஒருவர். என்னைப் பார்த்தார்கள். கடைக்காரன் வாயில் இல்லை என்ற சொல் வருமா? "ஓம், செய்யலாம்" என்றேன். எல்லாம் ஒரே பருமன் வேண்டும் என்றார்கள். அதுவும் செய்யலாம். ஒரே நிறம்? செய்யலாம். சந்திரனில் பொரிக்கச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

பதினொன்று நாற்பதுக்குத் தாள் தயார். நிரஞ்சலா அதை வாசித்துவிட்டு, யாருக்காவது மறுப்பு உண்டா என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் செசில் பேனாவை மூடினார். நிரஞ்சலா தலையை நிமிர்த்தினாள். சுவரோரம் வெறும் தட்டோடு ரஜனி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தால் காணாதவன் போல இருந்திருப்பேன்.

"ரஜனி அக்கா, என்ன?" என்று தமிழில் கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. நீர் முடியும்."

ஆறு வருடம் அதே சுவரோரம் நின்றவளுக்கு அந்த "ஒண்டுமில்லை" நன்றாகத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டாள்.

"நான்தான் பிழை விட்டிட்டன். வந்து இருங்கோ அக்கா." பேராசிரியர்களிடம் பிரெஞ்சில் சொன்னாள்: "ரோல்ஸ் செய்பவர் இவர். நான் விற்பவரை உட்கார வைத்துவிட்டேன்."

ரஜனி கதிரை நுனியில் இருந்தாள். "ஓம் ஓம் எண்டு சொன்னவர் ஒருநாளும் ரோல்ஸ் சுத்தினதில்லை," என்று தொடங்கினாள். நிரஞ்சலா அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பதினெட்டெண்டா எண்ணெயில திருப்பேக்கை நடுவில வெடிக்கும். பன்ரண்டு சென்ரிமீற்றருக்கு மேல நீளமாச் சுத்தினா பின்னேரம் மணிக்கட்டுத் தூக்கேலாது. எல்லாம் ஒரே மாதிரியும் இருக்கேலாது. மரக்கறி ரோல்ஸுக்கு ஒரு முனையைச் சப்பையா அமத்துவன். வெள்ளிக்கிழமை விரதக்காரர் தொட்டுப் பாத்தே எடுப்பினம்."

பதினொரு வருடமாக அதே ரோல்ஸை விற்கிறேன். மரக்கறியா இறைச்சியா என்று கேட்டால் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

பன்னிரண்டு அடித்தது. தாளில் பாதி வரிகள் வெட்டப்பட்டுக் கிடந்தன. நிரஞ்சலா நிறுத்தவில்லை. செசில் எழுந்து நின்றார். பேராசிரியர்களில் ஒருவர்கூட எழவில்லை. சப்பை முனையைத் தொட்டுப் பார்த்து, கண் தெரியாதவருக்கும் இது உதவும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைத் தன் வகுப்புக்கென்று குறித்துக்கொண்டார். ஒன்றே காலுக்குத்தான் தாள் முடிந்தது. இந்த முறை மறுப்பு உண்டா என்று நிரஞ்சலா முதலில் ரஜனியிடம் கேட்டாள்.

"நேரம் தவறிவிட்டது, நிரஞ்சலா," என்றார் செசில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அடுத்த பயிற்சியில் உங்களுக்கு முழுநாள் ஒதுக்குகிறேன். கோப்பிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அடுத்த கிழமை அவள் கடைக்கு வந்து, வழமையான ஒரு கரண்டிச் சீனித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணை, புதன்கிழமை போர்மசியோனுக்கு, என்ரை பயிற்சிக்கு, நாப்பது ரோல்ஸ் ஏலுமோ?"

"ஓம், செய்ய..." என்று வாய் திறந்தவன், மூடிக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே திரும்பிக் கேட்டேன்: "இஞ்சேரும், நாப்பது ஏலுமோ?"

உள்ளே தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரஜனி கை மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இருவத்தைஞ்சு," என்றாள். "எனக்கு அண்டைக்கு அங்கை மேசையில இருக்க வேணும்."