வாளி டீச்சர்

"வலது கிட்னி இடதைவிடக் கொஞ்சம் கீழ இருக்கும். ஏன்? மேல கல்லீரல் உக்காந்திருக்கு. புரிஞ்சுதா?"

கேள்வி வாளிக்கு. விடுதியின் கடைசிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, காலைதோறும் அவள் இப்படித்தான் பாடம் நடத்துவாள். வெளியே துண்டும் சோப்புமாக வரிசையில் நிற்கிற எங்களுக்குப் பொறுமை போய்விடும். "அடியே, வாளி எப்பவோ பாஸாயிடுச்சு. வெளிய வா!" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். வாளி டீச்சர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

பேருந்து ஓட்டுநரின் மகள். பள்ளியில் முதல் மாணவி. பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் வாய்ப்பூட்டு விழுந்துவிட்டது. முதல் செமினாரில் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு வகுப்பைவிட்டே ஓடினாள். அன்று மாலை பெட்டி கட்டினாள். "இங்க எல்லாரும் பொறக்கும்போதே படிச்சுட்டு வந்திருக்காங்கப்பா" என்று போனில் விசும்பினாள்.

"வீட்டுக்கு வர்றதுன்னா வாம்மா. ஆனா வெறும் வயித்துல முடிவெடுக்காத. சாப்பிட்டுட்டுப் பேசு" என்றார் அப்பா.

சாப்பிட்டாள், அப்படியே தூங்கிப்போனாள். மறுநாள் காலை குளியலறையிலிருந்து அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது.

வாளியின் முன் மடை திறந்த பேச்சு, வகுப்பில் மட்டும் வரவில்லை. அதே பாடத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்த அவளுடைய அறைத்தோழி ஒருநாள் கதவை உலுக்கினாள். "வாளிக்கு எதுக்குடி கிட்னி? வெளிய வந்து எங்களுக்குச் சொல்லு, நாங்களாவது பொழச்சுக்கறோம்."

ஈரத்தலையில் துண்டோடு வந்து நின்றாள். முதல் வரியிலேயே குரல் கம்மியது. யாரும் சிரிக்கவில்லை. வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஒருத்தி, "திரும்பச் சொல்லு, எனக்கும் ஒண்ணும் புரியல" என்றாள். அந்த 'எனக்கும்' அவளை நிமிர்த்தியது. அதன்பின் தினமும் தாழ்வாரத்தில்தான் வகுப்பு. குளிக்க வந்தவர்கள் குளிக்காமலே பல்கலைக்கழகத்துக்குப் போனதும் உண்டு.

மறுபடி செமினார் வந்தது. பின்வரிசையில் நானும் அறைத்தோழியும் உட்கார்ந்திருந்தோம். பாதியில் பேச்சு நின்றது. அறைத்தோழி என் கையை நசுக்கினாள். வாளி டீச்சர் ஓடவில்லை. தண்ணீர் குடித்தாள். "ஒரு நிமிஷம் சார், முதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள். அப்புறம் பிடித்தாள் பாருங்கள், ஒரு பிடி! கரும்பலகை நிறைந்தது. தூங்குமூஞ்சிகள் பேனா தேடினார்கள்.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "போதும்மா, நேரமாயிடுச்சு."

அவள் திரும்பக்கூட இல்லை. இடது உள்ளங்கையை அவர் பக்கம் உயர்த்திக் காட்டிவிட்டு, வலது கையால் அடுத்த படத்தை வரையத் தொடங்கினாள்.